மஞ்சளின் மணமும் ரகமும்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்திருக்கிறது நாமகிரிப்பேட்டை. மஞ்சள் வியாபாரத்தில் பெயர் பெற்ற ஊர் இது. கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏல நாளன்று சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மூட்டைகள் வந்து அடுக்கப்படுகின்றன. விரலி, உருண்டை, பனங்காலி என்று அவை தரம் பிரிக்கப்படுகின்றன. வாங்க வந்தவர் ஒரு விரலியை எடுத்து ஒடிக்கிறார். ஒடியும் ஓசையைக் கவனிக்கிறார். ஒடிந்த இடத்தின் நிறத்தைப் பார்க்கிறார். பிறகு விலையைக் குறிக்கிறார்.

வடிவத்தையும், காய்ச்சலையும், நிறத்தையும் பார்த்து விலை கூறுவது நெடுநாளைய வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை. ஆயினும், மஞ்சளின் மதிப்பை நிர்ணயிக்கும் பொருள் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் கிழங்கினுள் ஒளிந்திருக்கிறது. அதுவே மணம் தரும் எண்ணெய். இந்த எண்ணெய் எவ்வளவு இருக்கும், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நாம் நடும் ரகமே. ரகத்தின் தன்மையை அறிந்து, அதைக் கலப்பின்றிக் காத்து, சோதித்து விற்பதற்குக் கிராமம் முன்வந்தால், இன்று விலையின்றிப் போகும் ஒரு பொருளுக்கு விலை கேட்க நமக்கு வழி பிறக்கும். அவ்வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மஞ்சளுக்குள் இருக்கும் இரு செல்வங்கள்

மஞ்சள் கிழங்கில் மாவுச்சத்தே பெரும்பகுதி. அதனைத் தவிர்த்துப் பார்த்தால், வியாபாரத்திற்கு முக்கியமான பொருள்கள் இரண்டு. ஒன்று நிறம், மற்றொன்று மணம்.

நிறம் தருவது குர்குமின் என்னும் பொருளும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு இரு பொருள்களும் ஆகும். 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெட்டியர் என்னும் இரு ஐரோப்பிய விஞ்ஞானிகள் இந்நிறப்பொருளை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பு 1910இல் தெளிவாயிற்று. குர்குமின் ஆவியாகிப் போவதில்லை. கொதிநீரிலும் மிகச் சிறிதளவே கரையும். ஆனால் வெயிலொளி நெடுநேரம் பட்டால் வெளுத்துவிடும்.

மணம் தருவது ஆவியாகும் தன்மையுள்ள எண்ணெய். இது நல்லெண்ணெய், கடலெண்ணெய் போன்ற கொழுப்பு எண்ணெய் அன்று. உலர்ந்த மஞ்சளைப் பொடித்து நீருடன் கொதிக்க வைத்தால், நீராவியுடன் சேர்ந்து இந்த எண்ணெயும் மேலெழும். ஆவியைக் குளிரச் செய்தால் எண்ணெய் தனியே பிரிந்து மிதக்கும். நீலகிரியில் தைல இலையிலிருந்து தைலம் காய்ச்சுவதும் இதே முறையில்தான். ஆய்வுச்சாலையில் கண்ணாடிக் கருவியில் இதே வேலையைச் சிறு அளவில் செய்து, நூறு பங்கு மஞ்சளில் எத்தனை பங்கு எண்ணெய் என்று கணக்கிடுகிறார்கள்.

நிறமும் மணமும் கிழங்கினுள் வெவ்வேறு வழிகளில் உண்டாகின்றன. ஒன்றை ஆக்கும் வேலை வேறு. மற்றொன்றை ஆக்கும் வேலை வேறு. ஆகவே நிறம் மிகுந்த மஞ்சளில் எண்ணெயும் மிகுந்திருக்கும் என்று எண்ணுவது சரியன்று. ஒடித்த இடத்தின் நிறம் எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இதை நம் விவசாயிகள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ரகம் ஏன் எண்ணெயைத் தீர்மானிக்கிறது?

ஒவ்வொரு செடியிலும் இன்ன பொருளை இவ்வளவு ஆக்க வேண்டும் என்னும் கட்டளை அதன் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. எண்ணெயை ஆக்கும் நொதிகள் எவை, அவை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பவை ரகத்துக்கு ரகம் மாறும். மண்ணும் நீரும் எருவும் அந்த வேலைக்குத் துணை செய்யலாம். குறுக்கே நிற்கவும் செய்யலாம். ஆனால் பிறவியில் இல்லாத தன்மையை எரு போட்டு உண்டாக்க முடியாது.

இதற்கு மலைநாட்டுப் பயிர் ஒன்றைச் சான்றாகக் கூறலாம். நீலகிரியில் ரோஸ்மரி என்னும் மணச்செடி பயிராகிறது. மத்தியதரைக் கடலோர நாடுகளே அதன் தாயகம். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் ரோஸ்மரிச் செடிகளுள் ஒரு வகையின் எண்ணெயில் தைல மரத்தின் வாசனைக்குக் காரணமான சினியோல் மிகுந்திருக்கும். வேறொரு வகையில் கற்பூரம் மிகுந்திருக்கும். மற்றொரு வகையில் வெர்பினோன் என்னும் பொருள் சிறந்து நிற்கும். மொராக்கோ, துனீசியா நாடுகளின் எண்ணெய் முதல் வகைக்கும், ஸ்பெயின் நாட்டு எண்ணெய் இரண்டாம் வகைக்கும், கார்சிகாத் தீவின் எண்ணெய் மூன்றாம் வகைக்கும் பெயர் பெற்றவை. வாங்குவோர் ரோஸ்மரி எண்ணெய் என்று மட்டும் கேட்பதில்லை. எந்த வகை என்றும் கேட்டே வாங்குகின்றனர்.

மஞ்சளின் உறவுக் கிழங்குகளிலும் இவ்வேற்றுமையைக் காணலாம். மாங்காய் இஞ்சியும் மஞ்சளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆயினும் மாங்காய் இஞ்சியை நறுக்கினால் பச்சை மாங்காயின் வாசனை வீசுகிறது. அதன் எண்ணெயில் மிர்சீன் என்னும் பொருள் மிகுந்திருக்க, மஞ்சளின் எண்ணெயில் டர்மரோன் என்னும் பொருள்கள் மிகுந்திருக்கின்றன. கஸ்தூரி மஞ்சளின் வாசனை இவ்விரண்டிலும் வேறுபட்டு, கற்பூரச் சாயல் கொண்டது. மண் ஒன்றே, நீர் ஒன்றே. பிறவி வேறானதால் வாசனையும் வேறாயிற்று. இவை ஓர் இனத்தின் வெவ்வேறு செடிகள். ஒரே மஞ்சளின் ரகங்களுக்கிடையே வேற்றுமை இவ்வளவு வெளிப்படையாக மூக்கிற்குத் தெரியாது. ஆனால் ஆய்வுச்சாலையில் நன்கு தெரியும்.

மஞ்சளுக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. அது பூத்தாலும் விதை கட்டுவது அரிது. அதனால் நாம் கிழங்கையே விதையாக நடுகிறோம். கிழங்கிலிருந்து வரும் பயிர் தாய்ப்பயிரின் அச்சே ஆகும். மக்காச்சோளத்தில் அயல் வயலின் மகரந்தம் வந்து ரகத்தைக் கெடுப்பதுபோல மஞ்சளில் நேருவதில்லை. கைத்தவறுதலால் வேறு கிழங்கு கலவாதவரை, ஒரு ரகத்தின் எண்ணெய்த் தன்மை ஆண்டுக்கு ஆண்டு அப்படியே தொடரும். இது நமக்கு இயற்கை அளித்த பெரிய வசதி.

ரகங்களின் கணக்கு

ஈரோடு நாட்டு ரகமும் சேலம் நாட்டு ரகமும் நம் பகுதியில் நெடுங்காலமாக வழங்குபவை. ஈரோடு நாட்டு ரகக் கிழங்குகளுக்குக் கதிர்வீச்சு ஊட்டி, அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவையே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகமும், பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர். 1 ரகமும். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் சுவர்ணா, சுகுணா, சுதர்சனா, பிரபா, பிரதிபா முதலிய ரகங்களை வெளியிட்டது. இவற்றுள் பிரபாவும் பிரதிபாவும், அரிதாகக் கிடைக்கும் மஞ்சள் விதைகளை முளைக்க வைத்து, அந்த நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை.

இந்த ரகங்களை வெளியிட்டபோது தெரிவிக்கப்பட்ட சராசரி அளவுகளைக் கீழே காணலாம். குர்குமினும் எண்ணெயும் உலர்ந்த மஞ்சளில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று கொள்க. உலர் அளவு என்பது 100 கிலோ பச்சைக் கிழங்கிலிருந்து கிடைக்கும் உலர்ந்த மஞ்சள்.

கோ 1: குர்குமின் 3.2, எண்ணெய் 3.2, உலர் அளவு 19.5 கிலோ.
பி.எஸ்.ஆர். 1: குர்குமின் 4.2, எண்ணெய் 3.7, உலர் அளவு 20.5 கிலோ.
சுவர்ணா: குர்குமின் 4.3; எண்ணெய் 7.0, உலர் அளவு 20 கிலோ.
சுதர்சனா: குர்குமின் 5.3; எண்ணெய் 7.0, உலர் அளவு 12 கிலோ.
பிரபா: குர்குமின் 6.5, எண்ணெய் 6.5, உலர் அளவு 19.5 கிலோ.
பிரதிபா: குர்குமின் 6.2, எண்ணெய் 6.2, உலர் அளவு 18.5 கிலோ.

இந்த அட்டவணையைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். பி.எஸ்.ஆர். 1 ரகத்தையும் சுவர்ணாவையும் ஒப்பிடுங்கள். குர்குமின் 4.2, 4.3, ஏறத்தாழ ஒன்றே. ஒடித்துப் பார்ப்பவர் இரண்டையும் ஒரே தரமென்று கூறிவிடலாம். ஆனால் எண்ணெயில் ஒன்று 3.7, மற்றொன்று 7.0. நிறத்தைக் கொண்டு மணத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அடுத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் பார்த்து மயங்கலாகாது. 100 கிலோ பச்சைக் கிழங்கு பி.எஸ்.ஆர். 1 ஆனால், 20.5 கிலோ உலர்ந்த மஞ்சளும் அதில் ஏறக்குறைய 760 கிராம் எண்ணெயும் கிடைக்கும். சுதர்சனாவில் எண்ணெய் 7 பங்கு என்றாலும் உலர்ந்த மஞ்சள் 12 கிலோதான்; எண்ணெயும் 840 கிராம் அளவே. பிரபாவில் 19.5 கிலோ மஞ்சளும், ஏறக்குறைய 1 கிலோ 270 கிராம் எண்ணெயும் கிட்டும்.

மூன்றாவதாக, விளைச்சலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சுவர்ணாவின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 17.4 டன் பச்சைக் கிழங்கு என்றும், பி.எஸ்.ஆர். 1 ரகத்திற்கு 30.7 டன் என்றும் கூறப்படுகிறது. உலர்த்தினால் சுவர்ணாவில் சுமார் 3.5 டன்னும், பி.எஸ்.ஆர். 1இல் சுமார் 6.3 டன்னும் தேறும். இரண்டிலும் மொத்த எண்ணெய் ஹெக்டேருக்கு 240 கிலோவை ஒட்டியே நிற்கிறது. எண்ணெய் சமம், எடையோ ஏறக்குறையப் பாதி. எடைக்கு மட்டும் விலை தரும் சந்தையில் சுவர்ணாவைப் பயிரிட்டவர் பாதி வருமானத்தை இழப்பார். மணம் மிகுந்த ரகத்தைப் பயிரிடுமாறு விவசாயிக்கு உபதேசம் செய்பவர்கள் இந்தக் கணக்கையும் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அப்படியானால் விளைச்சல், நிறம், எண்ணெய் ஆகிய மூன்றிலும் மேலான பிரபாவையோ பிரதிபாவையோ எல்லாரும் உடனே நட்டுவிடலாமே என்று கேட்கலாம். இந்த அளவுகள் ஆராய்ச்சிப் பண்ணைகளில் கண்டவை. மழை மிகுந்த கோழிக்கோட்டுப் பகுதியில் சிறந்த ரகம், கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் நம் நிலத்திலும் அப்படியே சிறக்கும் என்று முன்கூட்டி உறுதி கூற இயலாது. குர்குமினின் அளவும் இடத்துக்கு இடம் மாறுவதாக ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். ஆகவே சில சென்ட் நிலத்தில் நட்டுப் பார்த்து, நம் ஊரின் கணக்கை நாமே எழுதிக்கொள்வதே அறிவுடைமை.

எண்ணெயின் கூட்டு

எண்ணெய் எவ்வளவு என்பதோடு, அதில் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதும் முக்கியம். மஞ்சள் எண்ணெய் பல பொருள்களின் கூட்டு. உலர்ந்த கிழங்கின் எண்ணெயில் ஆர்-டர்மரோன், ஆல்பா டர்மரோன், பீட்டா டர்மரோன் ஆகிய மூன்றும் முதன்மையானவை. ஜிஞ்ஜிபெரின் முதலிய வேறு பொருள்களும் உண்டு. மஞ்சளுக்கே உரிய மண்வாசனை கலந்த மணத்திற்கு டர்மரோன்களே முக்கிய காரணம். ஆர்-டர்மரோனுக்குத் தானியத்தைத் தாக்கும் வண்டுகளை விலக்கும் தன்மை உண்டென்று சோதனைகளில் அறிந்திருக்கிறார்கள். தானியத்துடன் மஞ்சளைக் கலந்து வைக்கும் பழக்கத்தின் பயன் இதனால் விளங்கும்.

இந்த மூன்று பொருள்களின் விகிதம் ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறது. அதோடு செடியின் உறுப்புக்கு உறுப்பும் வேறுபடுகிறது. மஞ்சள் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தால், கிழங்கின் வாசனையாக அது இருப்பதில்லை. ஆல்பா பெல்லாண்ட்ரீன், டெர்பினோலின், சினியோல் போன்ற இலகுவாக ஆவியாகும் பொருள்கள் இலையில் மிகுந்திருப்பதே காரணம். அறுவடைக்கு முன் நாம் அறுத்து ஒதுக்கும் இலையிலும் வடித்தெடுக்கத்தக்க எண்ணெய் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

காலமும் இக்கூட்டை மாற்றும். நாட்பட நாட்பட ஆல்பா டர்மரோன் காற்றோடு கலந்து ஆர்-டர்மரோனாக மாறுகிறது. ஆகவே புது மஞ்சளின் எண்ணெயும், ஓராண்டு கிடங்கில் கிடந்த மஞ்சளின் எண்ணெயும் ஒன்றாக இரா.

வியாபார உலகில் ஆலப்புழை மஞ்சள், மதராஸ் மஞ்சள் என்னும் இரு பெயர்கள் பல ஆண்டுகளாக வழங்கி வருகின்றன. ஆலப்புழை மஞ்சள் உண்மையில் விளைவது தொடுபுழை, மூவாற்றுப்புழைப் பகுதிகளில். ஆலப்புழைத் துறைமுகத்தின் வழியே சென்றதால் அப்பெயர் பெற்றது. அது நிறமும் எண்ணெயும் மிகுந்தது. சாறு வடிக்கும் ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. மதராஸ் மஞ்சள் என்று அயல்நாட்டார் அழைப்பது நம் பகுதிகளின் மஞ்சளையே. அது இளமஞ்சள் நிறம் கொண்டது. இரண்டிலும் ஆலப்புழையைவிடக் குறைவு. எனினும் சமையலுக்கும் பொடிக்கும் உகந்தது. 2019ஆம் ஆண்டில் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் இவ்வாறு மதிப்புப் பெறும்போது, அப்பெயருக்குப் பின்னால் இருக்கும் ரகத்தைக் காப்பதும் நம் பொறுப்பாகிறது.

விளைந்ததைக் காப்பது எப்படி?

ரகம் தந்த எண்ணெயைப் பக்குவம் செய்யும்போது நாமே இழந்துவிடலாம். பறித்த கிழங்கை இரண்டு மூன்று நாட்களுக்குள் வேகவைத்துவிட வேண்டும். தாய்க்கிழங்கையும் விரலியையும் தனித்தனியே வேகவைப்பது நலம். தடிப்பு வேறாதலால் வேகும் நேரமும் வேறு. கொப்பரையில் வேகவைப்பதானால் 45 முதல் 60 நிமிடம் போதும். நுரை பொங்கி, வெண்புகை எழுந்து, மஞ்சளின் வாசனை வீசுவதே பதம். ஈர்க்குச்சியால் குத்தினால் எளிதில் இறங்க வேண்டும். அதற்கு மேல் வேகவைத்தால் நிறம் கெடும். எழுகின்ற ஆவியோடு எண்ணெயும் போகும். குறைய வேகவைத்தால் கிழங்கு நொறுங்கும். நீராவிக் கொதிகலன் கிடைக்கும் இடங்களில் வேக்காடு ஒரே சீராக அமைகிறது.

வெந்த மஞ்சளைச் சுத்தமான களத்தில் 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, 10 முதல் 15 நாட்கள் உலர்த்த வேண்டும். இரவில் மூடி வைக்க வேண்டும். நறுக்கி உலர்த்தினால் சீக்கிரம் காயும் என்பது உண்மையே; ஆனால் வெட்டுவாய் வெயிலில் வெளுத்துவிடும். வெப்பக்காற்றில் உலர்த்துவோர் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் செல்லலாகாது. மெருகு ஏற்றும்போது தோல் நீங்கும் அளவோடு நிறுத்துவது நல்லது. உலர்ந்தபின் ஈரமும் வெயிலும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்க வேண்டும்.

ரகம் கலப்பது எங்கே?

மஞ்சள் ரகம் வயலில் கலப்பதில்லை என்று கண்டோம். அப்படியானால் ஊரில் ஒரே பெயரால் வழங்கும் மஞ்சள் பண்ணைக்குப் பண்ணை வேறாக இருப்பது ஏன்? கலப்பு மனிதர் கையால் நேருகிறது. விதைக்கிழங்கு போதாதபோது அண்டை வீட்டில் வாங்கிச் சேர்க்கிறோம். சென்ற ஆண்டு வயலில் தங்கிய கிழங்கு இவ்வாண்டுப் பயிரில் முளைக்கிறது. வாடகைக் கொப்பரையிலும் பொதுக் களத்திலும் ஒருவர் கிழங்கு மற்றவர் கிழங்கோடு சேர்கிறது. சில ஆண்டுகளில் ரகத்தின் பெயர் மட்டும் எஞ்சி, ரகம் மறைந்துபோகிறது. அத்தகைய மஞ்சளைச் சோதித்தால் ஒரு மூட்டைக்கும் மறு மூட்டைக்கும் அளவு ஒவ்வாது. ஒவ்வாத சரக்கிற்கு எந்த ஆலையும் உயர்ந்த விலை தராது.

இதைத் தவிர்ப்பது கடினமான காரியமன்று. விதைக்கென ஒரு பாத்தியைத் தனியே ஒதுக்கி, ஒரே ரகத்தை மட்டும் நட வேண்டும். வளர்ச்சியிலும் இலையின் தோற்றத்திலும் மாறுபட்ட செடிகளை அவ்வப்போது பிடுங்கி அகற்ற வேண்டும். விதைப் பாத்தியை முதலில் பறித்து, நோயற்ற கிழங்குகளைப் பொறுக்கி, காற்றோட்டமான நிழலில் குவித்து, மஞ்சள் இலையால் மூடி, ரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதிய பலகையை வைக்க வேண்டும்.

புதிய ரகத்தைப் பெருக்குவதற்குப் பொறுமை தேவை. ஏக்கருக்கு ஏறத்தாழ 800 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். நட்டதைப்போல் 15 மடங்கு விளைந்தால் நல்ல விளைச்சல். பத்து கிலோ விதையுடன் தொடங்குபவர் முதலாண்டில் 150 கிலோவும், இரண்டாம் ஆண்டில் 2,000 கிலோவுக்குச் சற்று மேலும் பெறலாம். அழுகலையும் கழிவையும் நீக்கினால் நடைமுறையில் இதனிலும் குறையும். மூன்றாம் ஆண்டில்தான் ஓரிரு ஏக்கரில் தூய ரகம் நிற்கும். தனியொருவர் இதைச் செய்வதைவிடப் பத்துப் பேர் பங்கிட்டுச் செய்வது எளிது.

சோதனையும் விலையும்

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மஞ்சள் தூளில் குர்குமின் இனப் பொருள்கள் நூற்றுக்கு 2 பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஈய குரோமேட் அறவே இருக்கலாகாது. ஈய குரோமேட் என்பது பளிச்சென்ற மஞ்சள் நிறமுள்ள நச்சுப்பொருள். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்வது. மேற்பூச்சின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கும் வழக்கமே இத்தகைய கலப்படத்திற்கு இடம் தருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்து வாங்கும் சந்தையில் பூச்சு வேலை செல்லுபடியாகாது. எனவே சோதனை என்பது நேர்மையான விவசாயிக்கு ஒரு பாதுகாப்பு ஆகும்.

1987இல் அமைந்த நறுமணப்பொருள் வாரியத்திற்குக் கொச்சி முதலிய ஊர்களில் தரப் பரிசோதனைச் சாலைகள் உண்டு. மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. ஒரே மூட்டையின் மேற்புறத்திலிருந்து நல்ல விரலியாகப் பொறுக்கி அனுப்பினால், சோதனை முடிவு நம்மையே ஏமாற்றும். பல மூட்டைகளின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர் இரு பங்குகளைச் சேர்த்து மீண்டும் கலந்து, தேவையான அளவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ரகம், வயல், பறித்த நாள், வேகவைத்த முறை ஆகியவற்றைச் சீட்டில் எழுதி இணைக்க வேண்டும். குர்குமின் மட்டுமின்றி எண்ணெயின் அளவையும் கேட்டுப் பெற வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

ஓர் ஏக்கர் விவசாயி தன் சிறு சரக்கிற்குச் சோதனை செய்வித்து ஆலையோடு பேரம் பேச முடியாது. ஊர் ஒன்றுபட்டால் முடியும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பின்வரும் ஏற்பாடுகளை ஆலோசிக்கலாம்.

முதலாவது, ரகப் பதிவு. மே 1ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. மஞ்சள் நடவும் அந்தப் பருவத்தை ஒட்டியே தொடங்குகிறது. யார், எந்த ரகத்தை, எத்தனை சென்டில், எங்கிருந்து வாங்கிய விதையைக் கொண்டு நடுகிறார் என்பதை அன்று ஒரு நோட்டில் பதிந்து வைக்கலாம். இதற்குப் பணச்செலவு இல்லை.

இரண்டாவது, ஒப்பீட்டுப் பாத்தி. நாட்டு ரகம், பி.எஸ்.ஆர். 1, வெளியூர் ரகம் ஒன்று, ஆக மூன்றையும் ஒரே நிலத்தில், ஒரே எருவிட்டு, அருகருகே நட்டு, பச்சை எடை, உலர் எடை, குர்குமின், எண்ணெய் ஆகிய நான்கையும் எழுதிவைக்க வேண்டும். ஒரே வயலில் நட்டால்தான் ரகத்தின் வேற்றுமை மண்ணின் வேற்றுமையோடு கலவாமல் தெரியும். இதற்கு நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

மூன்றாவது, களத்திலும் கொப்பரையிலும் முறை வகுத்தல். இந்த வாரம் இந்த ரகம் என்று முறை வைத்து, ஒரு ரகம் முடிந்து களத்தைக் கூட்டியபின் அடுத்ததைக் கொணர்ந்தால் கலப்பு நீங்கும்.

நான்காவது, ஒன்றுசேர்ந்த விற்பனை. ஒரே ரகத்தைப் பயிரிட்டவர்கள் கூட்டுறவுச் சங்கம் அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலம், சோதனைச் சீட்டுடன் தங்கள் சரக்கைத் தனி அடுக்காக வைத்து விற்கலாம். முதலாண்டிலேயே விலை உயரும் என்று யாரும் வாக்களிக்க இயலாது. ஆனால் சீட்டில்லாத சரக்கிற்கு எண்ணெய் விலை கேட்கவே முடியாது என்பது மட்டும் உறுதி. எண்ணெய்க்கும் குர்குமினுக்கும் விலை தருகின்ற வாங்குவோர் கிடைக்கும் வரை, எடை குன்றிய ரகங்களைப் பெரும்பரப்பில் நடாதிருப்பதே விவேகம்.

கூட்டத்தில் கலந்து பேசத்தக்க கேள்விகள்

1. நம் ஊரில் இன்று நடப்படும் மஞ்சள் எந்த ரகம்? அதன் விதை எங்கிருந்து வந்தது?
2. 100 கிலோ பச்சைக் கிழங்கிலிருந்து நமக்கு உலர்ந்த மஞ்சள் எத்தனை கிலோ தேறுகிறது?
3. நம் மஞ்சளின் குர்குமினும் எண்ணெயும் எவ்வளவு என்று எப்போதாவது சோதித்ததுண்டா?
4. வேகவைக்கும் இடத்திலும் களத்திலும் ரகங்கள் கலவாதிருக்க நாம் என்ன செய்யலாம்?
5. ஒப்பீட்டுப் பாத்திக்கு நிலம் தர முன்வருபவர் யார்?

நிலத்தைத் திருத்துவதிலும், நீர் பாய்ச்சுவதிலும், பருவமறிந்து பயிரிடுவதிலும் நாமகிரிப்பேட்டை விவசாயிகள் பிறருக்குப் பாடம் சொல்லத்தக்கவர்கள். ஒடித்துப் பார்த்து மஞ்சளின் காய்ச்சலை அறியும் கைத்திறன் அவர்களிடம் இருக்கிறது. அத்துடன், உள்ளிருக்கும் எண்ணெயை அறிந்து எழுதிவைக்கும் பழக்கமும் சேருமாயின், ஏலக்களத்தில் தம் சரக்கின் தரத்தை அவர்களே எடுத்துச் சொல்லும் நிலை உண்டாகும். அந்த வேலை விதைக்கிழங்கைப் பொறுக்கும் நாளில் தொடங்குகிறது.